பெல் அடிக்காத வீட்டில் படிப்பது

[காட்சி: வளவுத் தூணில் (வீட்டின் உள்முற்றத் தூணில்) சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன், மடியில் அறிவியல் புத்தகம். உத்தரத்தில் ஒரு பல்லி. பின்னணி இசை வேண்டாம்.]

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். ஒன்பது மணிக்குத் திறந்த புத்தகம் இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தாயிற்று, பென்சில் சீவியாயிற்று, சீவத் தேவையில்லாத பென்சிலையும் சீவியாயிற்று, உத்தரத்தில் போகிற பல்லி எந்தப் பக்கம் திரும்பும் என்று மனசுக்குள் பந்தயம்கூடக் கட்டியாயிற்று. யாரும் திட்டவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரிலிருந்து பேசுகிறேன். பதின்மூன்று வயதிலிருந்து வீட்டிலேயே படித்து, என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதி முடித்தேன். இப்போது என் தம்பி அதே தூணில் சாய்ந்துகொண்டு அதே பல்லியைப் பார்க்கிறான். (அதே பல்லியாக இருக்காது, சரி.) வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு போர் அடிக்கிறது, என்ன செய்தால் கொஞ்சம் நகரலாம் என்பதுதான் இந்த வீடியோ. "இலக்கை நினையுங்கள், உற்சாகமாக இருங்கள்" என்று சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் கலர் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியே பார்த்துவிட்டேன், செலோடேப் காய்ந்து விழுந்ததுதான் மிச்சம்.

[காட்சி: வெறும் அறை, ஒரு நாற்காலி, ஒரு பொத்தான். எளிய கோட்டோவியம் போதும்.]

போர் அடிப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு கதை. 2014-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை வெறும் அறையில் பதினைந்து நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, சும்மா யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் கரண்ட் ஷாக் அடிக்கும். அது எப்படி இருக்கும் என்று முன்னாலேயே காட்டிவிட்டார்கள். "ஐயோ, இது வேண்டாம், இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன்" என்று சொன்னவர்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் தாங்களாகவே பொத்தானை அழுத்திக்கொண்டார்கள்.

வளர்ந்த ஆட்களே சும்மா இருப்பதைவிட ஷாக் அடித்தாலும் பரவாயில்லை என்று இருக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் பல்லி பார்த்ததற்காக அவனைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

சரி, பள்ளிக்கூடத்தில் போர் அடிக்காதா? நன்றாகவே அடிக்கும். ஆனால் அங்கே நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பெல் அடித்து உங்களை அடுத்த போருக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டில் பெல் இல்லை. ஆகவே நான் முதல் வாரமே என்ன செய்தேன் தெரியுமா, நானே ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டினேன். ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள், ஒன்பது முதல் பத்து கணக்கு, பத்து முதல் பதினொன்று அறிவியல், பத்து நிமிட இடைவேளை, மத்தியானம் சமூக அறிவியல், எல்லாம் கட்டம் போட்டு. நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம், ஆறாம் நாள் அலுப்பு, ஏழாம் நாள் அந்த அட்டவணையைப் பார்க்கவே வெட்கமாக இருந்ததால் ஒரு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டேன்.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து மேய்ப்பதற்காக உண்டான ஏற்பாடு அந்த டைம்டேபிள். ஒற்றைப் பிள்ளைக்கு அதில் முக்கால்வாசி தேவையே இல்லை. வருகைப் பதிவு கிடையாது, வரிசையில் நிற்பது கிடையாது, ஹோம்வொர்க் நோட்டு வசூல் கிடையாது. ஒழுங்காக உட்கார்ந்தால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் அன்றைய பாடம் முடிந்துவிடும். அப்புறம் மிச்ச நேரம் முழுக்க, காலியாக, கானாடுகாத்தானில் இருக்கிற பெரிய செட்டிநாட்டு வீடுகளின் நடுக்கட்டு மாதிரி நீளமாகக் கிடக்கும்.

பள்ளிக்கூடத்தில் உங்கள் நோட்டுக்காக ஒரு டீச்சர் காத்திருக்கிறார். திட்டுவதற்காகவே இருந்தாலும் காத்திருக்கிறார். பக்கத்து பெஞ்சுப் பெண் உங்கள் படத்தைப் பார்த்து வரையக் காத்திருக்கிறாள். வீட்டில் நீங்கள் இன்று ஒளி எதிரொளிப்பைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் சாயங்காலம் அதே காபிதான், அதே சன்னல்தான். எதுவும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நான் போர் என்று நினைத்ததில் பெரும்பங்கு இந்த வெறுமைதான்.

[காட்சி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றும் கைகள், நெருக்கத்தில்.]

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஆத்தங்குடியில் பார்த்தேன். சித்தப்பா வீட்டுக்குக் கொஞ்சம் டைல்ஸ் சொல்லிவைக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அவர் விலை பேசிக்கொண்டிருக்க, நான் ஒரு பெரியவர் பக்கத்தில் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டேன். தரையில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகடு. சின்னக் கரண்டியால் சிவப்பை ஓர் இதழில், மஞ்சளை நடுவில், பச்சையை மூலையில் ஊற்றுகிறார், கை நடுங்கவே இல்லை. தகட்டை அப்படியே மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே காய்ந்த சிமென்ட் மணல் தூவல், அதற்கு மேல் ஈரக் கலவை, கரணையால் ஓர் இழுப்பு, முடிந்தது, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கண்ணாடி. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சில நாள் ஊறும். அப்புறம் வெயில். கண்ணாடி தனியாகக் கழன்று வரும்போதுதான் பூவின் முகமே தெரியும். அந்தப் பளபளப்பு பாலிஷ் போட்டு வந்ததில்லை, கண்ணாடியில் படிந்து வந்தது.

ஒரே பூ. நாள் முழுக்க அதே பூ. "போர் அடிக்காதாய்யா?" என்று கேட்டேன். அவர் தொட்டியைக் காட்டி, "முந்தாநேத்துப் போட்டது அதுல கெடக்கு, அதை யாரு எடுக்குறது?" என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை அப்போது. வீட்டுக்கு வந்து ராத்திரி ஆயா (எங்கள் ஊரில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரிசி ஊறப்போடுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

[காட்சி: அடுப்பங்கரை. பாத்திரத்தில் அரிசி, மேலே தண்ணீர் ஊற்றும் கை.]

எங்கள் ஆயா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். ராத்திரி அரிசியை ஊறப்போட்டுவிட்டால் காலையில் "மனசு சரியில்லை, மூடு வரவில்லை" என்று சொல்ல முடியாது. ஊறிய அரிசி உங்களுக்காக நிற்காது, புளித்துப்போகும். ஆகவே எழுந்து மாவு இடித்துத்தான் ஆக வேண்டும், எழுந்து இடிக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் அலுப்பெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. இதைத்தான் நான் படிப்பில் செய்ய ஆரம்பித்தேன், வீட்டில் அதற்குப் பேரே "ஊறப்போடுவது".

எப்படி என்றால், ஒரு பாடத்தை முழுசாக முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். கேட்க விநோதமாக இருக்கும். கணக்கு என்றால் நாளைக்கான முதல் கணக்கை நோட்டில் எழுதி, முதல் இரண்டு வரி போட்டு, அப்படியே திறந்துவைத்துவிட்டுப் படுங்கள். கட்டுரை என்றால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுங்கள். காலையில் உட்காரும்போது "இன்றைக்கு எதைப் படிக்கலாம்" என்ற கேள்வியே இருக்கக் கூடாது, அந்தக் கேள்விதான் ஆளைத் தின்னும். எனக்குக் காலை நேரத்தில் பாதி போனது படிப்பதில் இல்லை, எதைப் படிப்பது என்று முடிவு செய்வதில்தான்.

தம்பிக்கு இது கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்தது. அவன் எழுதுகிற ஆள் இல்லை, நோண்டுகிற ஆள். காரைக்குடியில் செக்ரி இருக்கிறது இல்லையா, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது, 1953-இல் திறக்கப்பட்டது. வருஷத்தில் ஒரு நாள், செப்டம்பர் கடைசி வாக்கில், மாணவர்களையும் பொதுமக்களையும் உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டும் வழக்கம் உண்டு. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய்வது அவர்கள் வேலையில் ஒரு பெரிய பகுதி, ராமேசுவரம் போகிற வழியில் மண்டபம் என்ற ஊரில் கடல் காற்றில் உலோகத்தை வைத்துச் சோதிக்க ஓர் இடமே வைத்திருக்கிறார்கள். அங்கே போய்விட்டு வந்த மறுநாள் தம்பி நாலு கண்ணாடி டம்ளர் எடுத்தான். ஒன்றில் சும்மா தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீருக்கு மேல் எண்ணெய், ஒன்று வெறும் டம்ளர். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி. இது பத்தாவது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பது மணி வரை போர்வைக்குள் கிடந்த பையன் ஆறரைக்கு எழுந்து ஆணியைப் பார்க்கப் போனான். ஆணி ராத்திரியெல்லாம் அவன் இல்லாமலேயே ஏதோ செய்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அந்தப் பாடத்தில் இருந்த சமன்பாட்டை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவனாக வந்து கேட்டான்.

[காட்சி: முகப்பில் ஆயா, வெற்றிலைத் தட்டு, பக்கத்தில் திறந்த நோட்டு.]

இரண்டாவது வழி, நிஜமாகவே ஓர் ஆளைக் காத்திருக்கவைப்பது. எனக்கு அது ஆயா. ஆயா ஐந்தாவதோடு நின்றவர். தினமும் சாயங்காலம் வெற்றிலை போடும் நேரத்தில், "ஏத்தா, நேத்து அந்தப் பிரெஞ்சுக்காரன் கதையைப் பாதியில விட்டியே, ராசா தலைய வெட்டுனாங்களா இல்லையா?" என்று கேட்பார். பிரெஞ்சுப் புரட்சி. நான் நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் ஆயா முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும் பாருங்கள், எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்கு அந்த அளவு உறைத்தது இல்லை.

இது வெறும் பாசம் மட்டும் இல்லை, ஆராய்ச்சியும் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்டது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆயாவுக்குக் கதை சொல்வது என்பது அதே புத்தகத்தை மூடிச் சொல்வதுதான், எழுதுவதற்குப் பதில் வாயால்.

கணக்குக்கும் ஆயாதான். பலகாரக் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார், அதற்கு முன்னால் பின்னம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தேன்குழலுக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஆர்டர் ஏழு படிக்கு வந்தால் உளுந்து எவ்வளவு? ஒன்றே முக்கால் படி. படிக்கு நாலு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு, ஆகவே ஒரு படியும் மூன்று உழக்கும். தப்பாகப் போட்டால் தேன்குழல் கடுக்கென்று வரும், கல்யாண வீட்டில் பேர் கெடும். ஒரு தடவை கெட்டது, என்னால்தான், அதைப் பற்றி இந்த வீடியோவில் பேச வேண்டாம்.

இந்த ஊரில் கணக்கு என்பது எப்போதுமே இப்படித்தான் ஏறியிருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்களின் கடைகளில் சின்ன வயசிலேயே பையன்களைப் பெட்டியடியில், பணப்பெட்டிப் பக்கத்தில், உட்காரவைத்துவிடுவார்கள், பெட்டியடிப் பையன் என்றே பேர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற வாய்ப்பாடு: அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. "முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, கிட்டத்தட்ட முழுசும் என்ற அர்த்தத்தில், அது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். முக்கால், அதோடு பதினாறில் மூன்று. பதினாறில் பதினைந்து! வீட்டில் எல்லாரும் தினம் சொல்கிற வார்த்தைக்குள் ஒரு பின்னக் கூட்டல் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று நான் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லித் தொல்லை கொடுத்தேன். (பழைய காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. பத்து வயசுப் பையனைக் கப்பலேற்றி வேலைக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையது இல்லை. கணக்கு ஒட்டிக்கொண்ட விதத்தைத்தான் சொல்கிறேன்.)

[காட்சி: காலண்டர். ஏப்ரல், அக்டோபர் வட்டமிட்டு.]

இப்போது பரீட்சை. என்ஐஓஎஸ் என்பது 1989-இல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு. ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு, ஒரே நேரத்தில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. கேட்கும்போது எவ்வளவு சுதந்திரம்! ஆனால் எங்களை மாதிரி ஆட்களுக்கு இதுவே பள்ளம். ஐந்து வருஷம் இருக்கிறதே என்று நினைத்தால் இன்றைக்குப் படிக்க ஒரு காரணமும் மிஞ்சாது.

நான் விழுந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் டிஎம்ஏ என்று ஒப்படைப்பு உண்டு, அதற்கு இருபது சதவீத மதிப்பெண். அறிவியலுக்கு அதைக் கடைசித் தேதிவரை தள்ளி, கடைசி ராத்திரி கரண்ட் போய், எமர்ஜென்சி லைட்டில் கோழிக் கிறுக்கலாக எழுதி, அதிலும் ஒரு கேள்வியை விட்டுவிட்டுக் கொடுத்தேன். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, மின்வாரியத்தைக்கூட. தம்பிக்கு வயது நிறைந்ததும் ஒரே ஒரு பாடத்தை முதலில் எழுதவைக்கப் போகிறோம், அவனுக்குப் பிடித்த ஓவியம். அதில் ஒரு மார்க் ஷீட் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் எட்டாத தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

அப்பா அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு இரண்டு விஷயம். காசு கொடுத்துப் படிக்கவைக்காதீர்கள். எங்கள் அம்மா பாடத்துக்குப் பத்து ரூபாய் என்று ஆரம்பித்தார், மூன்று வாரத்தில் நான் சின்னப் பாடமாகத் தேடித் தேடி முடிக்க ஆரம்பித்தேன். எட்வர்ட் டெசி என்பவர் 1971-இலேயே இதைக் காட்டியிருக்கிறார்: புதிர்க்கட்டை அடுக்குவதற்குக் காசு வாங்கிப் பழகிய மாணவர்கள், காசு நின்றதும் சும்மா கிடைத்த நேரத்தில் அதைத் தொடுவது குறைந்துபோனது. இன்னொன்று, "வீட்டுலதானே சும்மா இருக்கே" என்ற வார்த்தை. கேஸ்காரருக்குக் கதவைத் திற, கொத்தமல்லி வாங்கிட்டு வா, தண்ணி லாரி வந்தா குரல் கொடு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் நான் அறுபது பக்க வரலாற்றை அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில் தொலைத்திருக்கிறேன். காலையில் இரண்டரை மணி நேரம் பிள்ளை வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று, பல தடவை "போர் அடிக்குது" என்று நாம் சொல்வதற்கு "ஆள் இல்லை" என்று அர்த்தம். புத்தகத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. நான் ஒரு வருஷம் அப்படித்தான் பாடம் பாடமாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் உதவியது சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டில் விளையாடிய தெருப் பிள்ளைகளும், பங்குனியில் காரைக்குடியில் நடக்கும் கம்பன் விழாவும். 1939-லிருந்து நடத்துகிறார்கள், சா. கணேசன் தொடங்கியது. முதல் தடவை பாதி புரியவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் என் வயசுப் பெண் ஒருத்தியும் அதே மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள், இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். உறவுக்காரர்கள் "ஸ்கூலுக்குப் போகலையா, ஃபெயிலா?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். கண்ணதாசன் எட்டாவதுவரைதான் படித்தார், நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் என்று ஒரு பதில் நான் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லும் தகுதிக்கு ஒரு கவிதையாவது எழுதியிருக்க வேண்டும் என்று அப்பா ஒருநாள் சொன்னதிலிருந்து நிறுத்திவிட்டேன்.

வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்ததுகூடப் பிடிக்கவில்லை என்றால் அது நான் இதுவரை பேசிய போர் இல்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம்.

[காட்சி: சன்னல் ஓரம் நாலு டம்ளர். தம்பியின் கை மட்டும்.]

இதைப் பதிவு செய்யும்போது ஆறாம் நாள். உப்புத் தண்ணீர் டம்ளர் டீ மாதிரி ஆகிவிட்டது. சும்மா தண்ணீரிலும் துரு ஏறிவிட்டது. எண்ணெய் போட்டதில் இன்னும் ஒன்றும் இல்லை, ஆணி கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. வெறும் டம்ளர் ஆணியில் மட்டும் தலைப்பக்கம் ஒரு சின்னப் புள்ளி. அது துருவா, முன்னாலேயே இருந்த அழுக்கா என்று தம்பிக்கும் எனக்கும் காலையிலிருந்து சண்டை. நாளைக்குக் காலையில் புள்ளி பெரிசாகியிருந்தால் அவன் சொன்னது சரி. நோட்டில் இன்றைய தேதி போட்டு, புள்ளியின் அளவை வரைந்து, நாளைய தேதியை மட்டும் எழுதிக் கீழே காலியாக விட்டுவைத்திருக்கிறான்.